சின்னங்குடியில் இறங்கி தரங்கம்பாடியில் கரையேறுங்கள்: குடும்பத்தோடு ஒரு தை மாத நடை

கடற்கரை என்றால் நம்மில் பலருக்கும் போய் உட்காரும் இடம்தான். காலை நனைத்து, சுண்டல் தின்று, இருட்டும்முன் வண்டி ஏறிவிடுவோம். ஓர் ஊரில் இறங்கி, அலையோரமாகவே நடந்து, இன்னோர் ஊரில் கரையேறுவது வேறு அனுபவம். பிள்ளைகுட்டிகளோடு அப்படிப் போக, சோழமண்டலக் கரையில் ஒரு தோதான துண்டு இருக்கிறது. மயிலாடுதுறை மாவட்டத்தில் சின்னங்குடிக்கும் தரங்கம்பாடிக்கும் நடுவே உள்ள கரை அது. தாழம்பேட்டை, புதுப்பேட்டை, பெருமாள்பேட்டை, குட்டியாண்டியூர் என்று இடையில் மீனவ ஊர்கள் நெருக்கமாக இருப்பதால், எங்கே முடியவில்லையோ அங்கேயே ஏறி ரோட்டைப் பிடித்துவிடலாம். முதல்முறை இப்படி நடக்கிறவர்களுக்கு இந்த வசதிதான் முக்கியம். மற்றதெல்லாம் பிறகு.

மொத்தம் ஏழெட்டு கிலோமீட்டர் வரும். தூரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். ரோட்டில் ஒரு மணி நேரத்தில் கடக்கும் தூரத்துக்கு மணலில் இரண்டு மணி நேரம் வையுங்கள். ஏழெட்டு வயதுப் பிள்ளை கூட இருந்தால் இன்னும் அரை மணி. அவர்கள் நடப்பதைவிடக் குனிந்து பொறுக்குவதுதான் அதிகம். அதைவிடச் சின்னப் பிள்ளைகள் என்றால் பெருமாள்பேட்டையில் தொடங்குங்கள். அங்கிருந்து தரங்கம்பாடிக்கு மூன்று கிலோமீட்டர், கூடக் குறைய இருக்கலாம். தள்ளுவண்டி மணலில் உருளாது. கைக்குழந்தையைத் தூக்குப்பையில் கட்டிக்கொண்டுதான் வர வேண்டும்.

நாள் பார்ப்பது

ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கம் நினைத்தே பார்க்காதீர்கள். வடகிழக்குப் பருவமழையும் புயலும் அப்போதுதான். மார்கழியையும் முழுதாக நம்ப முடியாது. ‘தானே’ புயல் கடலூருக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30 அன்று. பொங்கல் கழிந்து மாசி பாதி வரைக்கும் உள்ள நாட்கள்தான் சரி. வானம் வெளுத்திருக்கும், விடியலில் பனி இருக்கும், பத்து மணி வரை வெயில் தாங்கும்படி இருக்கும்.

அதற்குள்ளும் தவிர்க்க வேண்டிய நாட்கள் உண்டு. காணும் பொங்கல் அன்று கரையெங்கும் கூட்டம். தை அமாவாசைக்குத் திருக்கடையூர் நிரம்பி வழியும். அபிராமி பட்டருக்காக அம்மன் நிலவைக் காட்டியதாகச் சொல்லும் நாள் அது. ஆட்டோ கிடைப்பதே குதிரைக்கொம்பு. டிசம்பர் 26 அன்று மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம். 2004 சுனாமியில் போனவர்களுக்கு இந்த ஊர்களில் கடலில் பால் ஊற்றி, பூத்தூவி அஞ்சலி செய்யும் நாள். அந்த மணலில் செல்பி எடுத்துக்கொண்டு நாம் நடந்து போவது அழகில்லை.

இனி ஓதம். நாகப்பட்டினம், மயிலாடுதுறைக் கரையில் கடல் ஏறி இறங்கும் அளவு ஒரு மீட்டருக்குள்தான். பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் நடைக்கு அந்த ஒரு மீட்டரே பெரிய வித்தியாசம். நீர் வற்றியிருக்கும்போது அலையோரம் அகலமாக, இறுகி, தார் ரோடு மாதிரிக் கிடக்கும். ஏறியிருக்கும்போது சரிவான பொதபொத மணலில் கால் புதையப் புதைய நடக்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இந்தக் கரையில் பெரும்பாலும் காலை எட்டு, ஒன்பது மணிவாக்கில்தான் நீர் ஏறி நிற்கும். நாம் நடக்கும் நேரமும் அதுவேதான். பிறை பாதியாக இருக்கும் நாட்களில் அந்த நேரத்துக்கு நீர் இறங்கியிருக்கும். அஷ்டமி, நவமியில் நாம் நல்ல காரியம் எதையும் தொடங்க மாட்டோம். இந்த நடைக்கு அந்த நாட்கள்தான் வாகு. இணையத்தில் நாகப்பட்டினம் துறைமுகத்துக்கான ஓத அட்டவணை கிடைக்கும். கிளம்புவதற்கு முந்தின நாள் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அதோடு வானிலைச் செய்தியில் மீனவர்களுக்கு என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். கடலுக்குப் போக வேண்டாம் என்று எச்சரிக்கை வந்திருந்தாலோ, நாகையிலோ காரைக்காலிலோ கூண்டு ஏற்றியிருந்தாலோ நடையைத் தள்ளிப்போடுங்கள். இதில் யோசனைக்கே இடமில்லை.

ஏன் வடக்கிலிருந்து தெற்கே?

தரங்கம்பாடிக்குப் போகிறவர்களில் பலர் முதலில் கோட்டையைப் பார்த்துவிட்டு, ‘அப்படியே கொஞ்சம் நடக்கலாமே’ என்று வடக்கே கிளம்புகிறார்கள். அதைத் திருப்பிப் போடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. குளிர்காலத்தில் இங்கே வாடைக்காற்று. காலையில் கொஞ்சமாகத் தொடங்கி, வெயில் ஏற ஏற வலுக்கும். வடக்கு நோக்கி நடந்தால் அந்தக் காற்றும் அதோடு பறக்கும் மணலும் பிள்ளைகள் முகத்தில் அடிக்கும். தெற்கே நடந்தால் காற்று முதுகைத் தள்ளிவிடும். வெயில் இடப்பக்கமாக முன்னால் இருந்து விழும், அதற்கு விளிம்பு வைத்த தொப்பி போதும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நடை முடிகிற இடத்தில் நிழல், சாப்பாடு, கழிப்பறை, பஸ் எல்லாம் இருக்க வேண்டும். இடைப்பட்ட ஊர்களில் கரையோரமாகக் கடை இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சுனாமிக்குப் பிறகு புதுக் குடியிருப்புகளைப் பல ஊர்களில் உள்ளே தள்ளிக் கட்டினார்கள். கரையில் படகும் வலையும் ஏலக்கொட்டகையும்தான் மிச்சம். டீக்கடைக்கு உள்ளே நடக்க வேண்டும். தரங்கம்பாடியில் முடித்தால் இந்தக் கவலை இல்லை. நடக்க முடியாத தாத்தா பாட்டியை ஆட்டோவில் நேரே அங்கே அனுப்பிவிட்டு, கோட்டை வாசலில் சந்திப்பதாகவும் வைத்துக்கொள்ளலாம்.

முந்தின நாள் இரவு எடுத்து வைப்பவை

ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், குடும்பத்துக்கு இன்னொரு லிட்டர் உபரியாக. மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை மிஞ்ச இந்த நடைக்கு வேறு சாப்பாடு கிடையாது. சட்னி, சாம்பார் என்று போனால் காற்று தூக்கி வரும் மணலையும் சேர்த்துத்தான் தின்ன வேண்டும். கமலா ஆரஞ்சு, கடலை மிட்டாய். மாற்றுத்துணி, குறிப்பாகப் பிள்ளைகளுக்கு. பழைய பெட்ஷீட் ஒன்று.

காலுக்குப் பின்பட்டி வைத்த செருப்பு. ஈர மணலில் வெறுங்காலோடு நடப்பது சுகம்தான், ஆனால் ஊர்களை நெருங்கும்போது போட்டுக்கொள்ளுங்கள். அறுந்த தூண்டில் முள், உடைந்த பாட்டில், மேட்டுமணலில் நெருஞ்சி எல்லாம் கிடக்கும். இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். கரையைக் கழிப்பிடமாகப் பயன்படுத்தும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அலை அலசிப்போகும் ஈரப் பட்டையிலேயே நடந்தால் அந்தச் சங்கடம் இராது.

விடியலில் சின்னவர்களுக்கு ஒரு மெல்லிய ஸ்வெட்டர் போதும். எட்டு மணிக்கு அதைக் கழற்றி உங்கள் தோளில் போட்டுவிடுவார்கள், அதையும் சுமக்கத் தயாராக இருங்கள்.

போய்ச் சேர்வது

ரயிலில் வருகிறவர்கள் மயிலாடுதுறை சந்திப்பில் இறங்கலாம். தரங்கம்பாடிக்கே ஒரு காலத்தில் மீட்டர்கேஜ் ரயில் ஓடியது, 1986-இல் நிறுத்திவிட்டார்கள். மயிலாடுதுறையிலிருந்து ஆக்கூர், திருக்கடையூர் வழியாகப் பொறையாறு போகும் பஸ்ஸில் ஏறித் திருக்கடையூரில் இறங்குங்கள். சீர்காழி - காரைக்கால் பஸ்ஸும் அந்த வழிதான். கும்பகோணம், சிதம்பரம், காரைக்கால்காரர்கள் விடியலில் கிளம்பினால் ஒரே நாளில் போய்வரலாம். தூரத்திலிருந்து வருபவர்கள் முந்தின இரவே திருக்கடையூரில் தங்கிவிடுவது நல்லது. அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று ஆண்டு முழுக்க அங்கே கூட்டம் வருவதால் தங்கும் விடுதிகளுக்குக் குறைவில்லை. முகூர்த்த நாளாக இருந்தால் மட்டும் முன்பதிவு செய்யுங்கள்.

அங்கே காபியையும் கழிப்பறையையும் முடித்துக்கொண்டு, ஆட்டோவைப் பேசிச் சின்னங்குடி கடற்கரைக்குப் போங்கள். வாடகையை ஏறும் முன்பே பேசிவிடுவது உத்தமம். ஓட்டுநரின் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். நடுவழியில் ஒரு பிள்ளை மடக்கென்று உட்கார்ந்துவிட்டால், எந்த ஊர் என்று சொல்லி அவரையே கூப்பிடலாம். சொந்தக் காரில் வருகிறவர்கள் காரைத் தரங்கம்பாடியில் விட்டுவிட்டு, அங்கிருந்து ஆட்டோவில் வடக்கே வாருங்கள். தொடங்கும் இடத்தில் காரை விட்டால், நடந்து களைத்த பிறகு அதை எடுக்கத் திரும்பி ஓட வேண்டியிருக்கும்.

தை மாதத்தில் சூரியன் ஆறரைக்குச் சற்றுப் பின்னால் எழும். அந்த நேரத்துக்கு மணலில் இருப்பது போல் கணக்கு வையுங்கள்.

நடக்கும்போது

முதல் ஒரு மணி நேரம் வேகமாக நடந்துவிடுங்கள். காற்று குளிர்ச்சியாக இருக்கும், பிள்ளைகளிடம் தெம்பு இருக்கும். கடல் எப்போதும் இடது கைப்பக்கம். கரை சரிவாக இருந்தால் இடது கால் தாழ்ந்தே விழுந்துகொண்டிருக்கும், கொஞ்ச நேரத்தில் இடுப்பு வலி எடுக்கும். அப்படித் தோன்றினால் நீரோரத்தை விட்டு, சரிவு முடிந்து சமமாகும் மேட்டுக்கு ஏறிக் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு இறங்குங்கள். மேட்டில் அடம்பங்கொடி படர்ந்திருக்கும் இடத்தில் மணல் இறுக்கமாக இருக்கும். இராவணன் மீசைப் புல் இருக்கும் பக்கம் வெறுங்காலோடு போகாதீர்கள், கூர் நுனி சதையில் ஏறும்.

விடியலில் அந்த மணலைப் படிக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். நண்டு வளைகளின் வாயில் இரவெல்லாம் தோண்டி வெளியே தள்ளிய ஈர மணல் ஒரு பக்கமாக விசிறி விழுந்திருக்கும். வளைக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் நின்றால், முதலில் குச்சிக் கண்கள் இரண்டும் எட்டிப் பார்க்கும், பிறகுதான் உடம்பு வரும். யாராவது மூச்சைக் கொஞ்சம் பலமாக விட்டாலும் உள்ளே போய்விடும்.

தை, மாசியில் பங்குனி ஆமைகள் முட்டையிட இந்தக் கரைக்கு வரும். இரவில் வந்து இரவிலேயே திரும்பிவிடும் என்பதால் ஆமையைப் பார்ப்பது அரிது, தடத்தைப் பார்ப்பது அரிதில்லை. கடலிலிருந்து மேட்டுக்கு ஏறி, மறுபடி கடலுக்கே இறங்கும் அகலமான பட்டை. இரண்டு ஓரத்திலும் துடுப்பு தள்ளிய வெட்டு மாறி மாறி விழுந்திருக்கும். தடம் திரும்பும் இடத்தில் மணல் கிளறிக் கிடந்தால் அதன் அடியில் முட்டைகள் இருக்கலாம். தோண்டிப் பார்க்காதீர்கள், மிதிக்கவும் வேண்டாம். வனத்துறையினர் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் பாதுகாத்து, குஞ்சு பொரித்ததும் கடலில் விடுகிறார்கள். வலையில் மாட்டி மூச்சுத்திணறிச் செத்த ஆமை சில சமயம் ஒதுங்கிக் கிடக்கும். பிள்ளைகள் கேட்பார்கள். மறைக்காமல் சொல்லுங்கள், ஆனால் தொட விடாதீர்கள்.

கண்ணாடி போல ஒதுங்கிக் கிடக்கும் சொறி மீனும் அப்படித்தான். செத்துக் கிடந்தாலும் கொட்டும். பட்டுவிட்டால் கடல் தண்ணீரிலேயே அலசுங்கள். நல்ல தண்ணீரை ஊற்றவோ தேய்க்கவோ வேண்டாம். வீக்கமோ மூச்சுத்திணறலோ வந்தால் நடையை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

குளிக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம். வாடை வீசும் மாதங்களில் கடல் கலங்கிப் புரளும். அலை பார்க்கச் சின்னதாகத் தெரியும், திரும்பும்போது காலுக்கடியில் மணலை உருவிக்கொண்டு போகும். கணுக்கால் நனைந்தால் போதும், அதுவும் பெரியவர் ஒருவர் கடல் பக்கமாக நிற்கும்போது.

வழியில் வடிகாலோ ஆற்று முகமோ குறுக்கிடலாம். மழைத் தண்ணீர் வடியும் வரை முகம் திறந்திருக்கும். தை நடுவிலிருந்து வரத்து குறைந்து, கடல் மணலைத் தள்ளி மூடத் தொடங்கும். ஆனால் எந்த முகம் எப்போது மூடும் என்பது அந்தந்த ஆண்டின் மழையைப் பொறுத்தது. சின்னங்குடியிலேயே, வலை பிரித்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்: “அண்ணே, தரங்கம்பாடி வரைக்கும் கரையோட போயிடலாமா, எங்கயாச்சும் முகம் தொறந்து கெடக்கா?” அவர் போகலாம் என்றால் போகலாம். சுத்திப் போங்க என்றால் மறுபேச்சில்லாமல் ஊருக்குள் ஏறி ரோடு வழியாக வாருங்கள். முட்டி ஆழம்தானே என்று இறங்காதீர்கள். முகத்தில் ஆழம் ராத்திரிக்கு ராத்திரி மாறும்.

ஊர்களைக் கடக்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம். நீங்கள் நடப்பது ஒருவருடைய வேலையிடத்தின் நடுவே. காலை ஏழிலிருந்து ஒன்பது வரை ஃபைபர் படகுகள் கரையேறும், டிராக்டர் இழுக்கும், பெண்கள் கூடையோடு ஏலத்துக்கு நிற்பார்கள். படகு ஏறும் பாதையில் குறுக்கே நிற்காதீர்கள். பரப்பிக் கிடக்கும் வலையைச் செருப்புக் காலால் மிதித்தால் யாருக்கும் கோபம் வரும், சுற்றிப் போங்கள். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தால் கயிற்றைத் தாண்டாமல், இழுப்பவர்களுக்குப் பின்னால் மேட்டுப் பக்கமாகக் கடந்து போங்கள். சில நேரம் அவர்களே பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கயிற்றைப் பிடிக்கச் சொல்வார்கள். விடுங்கள், பிடிக்கட்டும். போட்டோ எடுப்பதற்கு முன் கேளுங்கள், “அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கவா?” என்றால் போதும். காயப் போட்டிருக்கும் நெத்திலிக்குப் பக்கத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு போவதை மட்டும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லித் தடுத்துவிடுங்கள்.

ஒன்பது மணிவாக்கில் சவுக்குத்தோப்பு ஒன்றில் பெட்ஷீட்டை விரித்து இட்லியைப் பிரியுங்கள். தோப்புக்கு உள்ளே போனால் காற்று அடங்கிவிடும். முடிவெடுக்க வேண்டிய இடமும் இதுதான். பிள்ளைகள் இன்னும் ஓடி விளையாடினால் தொடருங்கள். சாப்பிட்டதும் மடியில் சாய்ந்தால், பக்கத்து ஊரில் ஏறி ஆட்டோவைக் கூப்பிடுங்கள். கடைசி இரண்டு கிலோமீட்டரை வீம்புக்கு நடந்தால் அடுத்த ஆண்டு யாரும் உங்களோடு வர மாட்டார்கள்.

தரங்கம்பாடியில் கரையேறுவது

பத்து, பத்தரைக்கு மாசிலாமணிநாதர் கோயில் கண்ணில் படும். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் எழுந்த கோயில். முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. மிச்சத்தைக் காக்கக் கருங்கல்லைக் கொட்டியிருக்கிறார்கள். அந்தக் கற்களின் மேல் ஏறி நடக்காதீர்கள், பாசியில் வழுக்கும். கல் தொடங்குவதற்கு முன்பே கரையேறிவிடுங்கள்.

அடுத்தது டேன்ஸ்போர்க் கோட்டை. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620-இல் உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் கட்டியது. 1845-இல் பிரிட்டிஷாருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். உள்ளே சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. கால் ஓய்ந்திருக்கும் நேரத்தில் எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். கோட்டையையும், ராஜவீதியில் உள்ள புதிய எருசலேம் ஆலயத்தையும் பார்த்தால் போதும். 1718-இல் கட்டிய ஆலயம் அது. 1706-இல் இங்கே வந்திறங்கி, அச்சுக்கூடம் வைத்துத் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்த பாதிரியார் சீகன்பால்கு அடக்கமானதும் அங்கேதான்.

சாப்பாட்டுக்குச் சின்னச் சின்னக் கடைகள் இருக்கின்றன. கூட்டமாகப் போயிருந்தால் பக்கத்திலேயே உள்ள பொறையாறில் வாய்ப்பு அதிகம். ராஜவீதி வழியாக நகர வாயிலைத் தாண்டி நடந்தால் மெயின்ரோடு வரும். மயிலாடுதுறைக்கும் காரைக்காலுக்கும் அங்கே பஸ் ஏறலாம்.

மீன் வாங்க ஆசையிருந்தால் நடை தொடங்கும் இடத்தில் வாங்கிச் சுமக்காமல் தரங்கம்பாடியில் வாங்குங்கள். செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். சுத்தம் செய்து தரச் சொல்லி, ஐஸ் போட்டு இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். வெறும் பாலித்தீன் பையில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால், ஆக்கூர் வருவதற்குள் கண்டக்டரே உங்களிடம் பேச வந்துவிடுவார்.